நற்பெயருக்கு இருபத்துமூன்று கடிதங்கள்

தேவராசா பகலில் ஒரு பள்ளிக்கூடத்தின் கேர்டேக்கர். மிச்ச நேரமெல்லாம் மினிபஸ்காரர். முதியோர் இல்லம் ஒன்று கழித்துவிட்ட பதினாறு இருக்கை வெள்ளை வண்டியை ஏலத்தில் எடுத்து, ஒன்பது வருடமாக ஸ்ட்ரெதம், டூட்டிங், சட்டன் தமிழர்களைத் தேருக்கும் மாதா திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஒருவரிடமும் காசு கேட்டதில்லை. இறங்கும்போது அவர்களாகவே கையில் எதையாவது வைப்பார்கள். வேண்டாம் என்று ஒருமுறை சொல்வார், இரண்டாம் முறை சொல்லமாட்டார். கேட்டு வாங்கினால்தான் கூலி, தந்ததை வாங்குவது மரியாதை என்பது அவருடைய சட்டம். இந்த நாட்டின் சட்டம் வேறு என்பது, அடுத்த தெருக்காரர் ஒருவர் லைசென்ஸ் இல்லாமல் ஓடிய வான் வண்டியை அதிகாரிகள் கொண்டுபோன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அப்பா, ஆக்களை ஏத்தி ஒரு பிஸ்கட் வாங்கினாலும் ஒப்பரேட்டர் லைசென்ஸ் வேணும்," என்றாள் மகள் துஷ்யா. அவள் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். எதையும் இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் கையைவிட்டு விடுவாள். அன்றைக்கே வண்டி ஓட்டம் நின்றது. அவளே கணினியில் விண்ணப்பத்தை நிரப்பினாள். வண்டி நிறுத்தும் இடம், பராமரிப்பு, வங்கிக் கையிருப்பு எல்லாம் சிக்கலில்லாமல் போயின. ஒரு வரியில் மட்டும் தேவராசா நின்றுவிட்டார். விண்ணப்பதாரர் நற்பெயர் உடையவராக இருத்தல் வேண்டும்.

"அதை அவையளே பாத்துக்கொள்ளுவினம் அப்பா. உங்களிலை ஒரு கேசும் இல்லை," என்று சொல்லிவிட்டு துஷ்யா சிநேகிதிகளோடு பத்து நாள் போர்த்துக்கலுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பத்து நாள்தான் வினை. ஜெர்மனியில் ஆறு வருடம், லண்டனில் இருபது வருடம், மூன்று தரம் அகதி விண்ணப்பம், ஒரு தரம் குடியுரிமை. தேவராசாவின் அனுபவத்தில் கடிதம் இணைக்காமல் எந்த வெள்ளைக்கார அரசாங்கக் கந்தோரும் எதையும் தந்ததில்லை. சமாதான நீதவானின் கடிதம், சுவாமியாரின் கடிதம், டொக்டரின் கடிதம் என்று கட்டுக்கட்டாகக் கொடுத்துத்தான் அவர் ஒரு மனிதராக இந்த நாட்டில் நிற்கிறார். அந்தக் கந்தோர்களெல்லாம் நீ சொல்வது உண்மையா, பொய்யா என்றுதான் கேட்டன. நீ நல்லவனா என்று எந்த அரசாங்கமும் இதுவரை கேட்டதாக அவருக்கு நினைவில்லை. கேட்டதும் மனிதருக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

யாரும் கேட்காத கடிதங்களை அவர் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார். இல்லை என்று ஒருவர் சொல்லவேண்டுமே! எல்லாரும் ஆங்கிலத்தில் மனம்விட்டு எழுதினார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் தன் வழக்கப்படி அட்டவணை போட்டார்: ஒன்பது ஆண்டுகள், சராசரி வருடம் இருபத்தாறு பயணம், மொத்தம் இருநூற்று முப்பத்துநான்கு. கீழே ஒரு குறிப்பு: "லண்டனில் இவரைப்போல் மலிவாக ஏற்றிச் செல்பவர் எவருமிலர்." சட்டன் டொக்டர் பாலசுப்பிரமணியன் உருகியே போனார். பெருமழை நாளில், பதினாறு இருக்கை வண்டியில் பதினெட்டாவது ஆளாகத் தன்னையும் ஏற்றிக்கொண்ட பெருந்தன்மையை வாழ்நாளில் மறக்கமாட்டாராம். செபக்கூட்டத்துக்குப் பொறுப்பான பெர்னடெற் அக்கா, பேத்தியைக் கொண்டு எழுதுவித்தார்: "நாங்கள் கொடுப்பதை ஒருநாளும் முகம் சுளித்து வாங்கியதில்லை."

இருபத்துமூன்று கடிதங்கள். தேவராசா எழுத்துக்கூட்டி வாசித்ததெல்லாம் நல்லவர், வல்லவர் என்ற இடங்களைத்தான். டூட்டிங்கில் பிரிண்ட் கடைப் பையனைக் கொண்டு ஸ்கான் செய்து, முன்னுக்கு ஒரு பொருளடக்கமும் போட்டு அனுப்பிவைத்தார்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. பஸ் லைசென்ஸ் வழங்கும் ட்ராபிக் கமிஷனர் முன்னால் நேரில் விசாரணைக்கு வரவேண்டுமாம். துஷ்யா கடிதங்களைக் குசினி மேசையில் பரப்பி வாசித்தாள். மூன்றாவது கடிதத்தோடு தலையில் கைவைத்தாள்.

"அப்பா! திஸ் இஸ் எ கன்பெஷன். நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஒன்பது வருசம் பஸ் ஓடினதுக்கு இருபத்துமூண்டு பேரிட்டக் கையெழுத்து வாங்கிக் குடுத்திருக்கிறீங்கள். மாஸ்டர் கணக்கே போட்டுத் தந்திருக்கிறார்!"

"என்னை நல்லவரெண்டுதானே எழுதினவை?"

"ஓம். நல்லாத்தான் எழுதியிருக்கினம்."

தேவராசாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. லைசென்ஸ் இல்லையென்றால் வண்டியை விற்கவேண்டியதுதான். விற்றாலும் பரவாயில்லை. நற்பெயர் இல்லாதவன் என்று அரசாங்கம் கடதாசியில் எழுதித் தந்துவிடுமே, அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

செய்தி கேட்டு பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் ஓடிவந்தார். "ஒண்டுக்கும் யோசியாதையும். நாங்கள் எழுதினது முழுக்கப் பொய்யெண்டு திரும்ப எழுதித் தாறம். இருபத்துமூண்டு பேரும்."

"இருபத்துமூண்டு பொய்யரை வைச்சோ மாஸ்டர் நான் நல்லவனெண்டு காட்டிறது?" என்று தேவராசா கேட்டார். மாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்தார்.

இனி யாரிடமும் ஒரு சதமும் ஒரு சாமானும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பயணங்களுக்கு மட்டும் தன் செலவில், சும்மா ஏற்றிப்போனார். சும்மா ஏற்றுவதற்குத் தடையில்லை என்று துஷ்யா தேடிப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

விசாரணையன்று, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் பதினான்கு பேர் ஆதரவுக்குக் கிளம்பிவிட்டார்கள். கமிஷனர் நரைமுடியைக் கட்டையாக வெட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கடிதக் கட்டில் மஞ்சள் தாள்கள் நிறைய ஒட்டியிருந்தார். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்து இங்கே மொழிபெயர்ப்பாளராக இருக்கும் கல்யாணி.

"தனக்கெதிரான சாட்சியத்தைப் பொருளடக்கத்தோடு அனுப்பிய விண்ணப்பதாரரை நான் இதுவரை கண்டதில்லை," என்று கமிஷனர் தொடங்கினார். "இதிலுள்ளவை உண்மையா?"

துஷ்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓம் அம்மா. எல்லாம் உண்மை. வாங்கினனான். பிழையெண்டு தெரியாது. தெரிஞ்சதிலையிருந்து ஒண்டும் வாங்கேல்லை."

"அப்படி எல்லாரும் சொல்வார்கள், திரு. தேவராசா. அதை நான் எப்படி நம்புவது?" கமிஷனர், தேவராசாவுக்குப் பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். "இவர்கள் எல்லாரும் இன்று எப்படி வந்தார்கள்?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"என்ர பஸ்ஸிலை," என்றார் தேவராசா.

"இலவசமாகவா?"

"ஓம்."

கமிஷனர் பேனாவை எடுத்தார். அப்போதுதான் பின் வரிசையில் பெர்னடெற் அக்கா எழும்பினார். எழுபத்திரண்டு வயது, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.

"நான் ஒரு கதை சொல்லவேணும். இந்த மனுசனை நல்லவரெண்டு எழுதிக் குடுத்தனான். அதை இப்ப திருப்பி எடுக்கிறன்!"

கமிஷனர் பேசச் சொல்லிக் கைகாட்டினார்.

"ரெண்டு மாசமா இந்தாள் ஒருத்தரையும் மதிக்கிறேல்லை. வோல்சிங்கம் மாதாவுக்குப் போகேக்கை விடிய எழும்பி நாப்பது மட்டன் ரோல்ஸ் பொரிச்சுக் கொண்டுபோனன். ஒண்டைத் தொட்டும் பாக்கேல்லை. படியிலை வைச்சிட்டு வந்தன், பின்னாலை ஓடிவந்து திருப்பித் தந்திட்டார். பிறகொரு நாள் வாழைப்பழம் நீட்டினன், முகத்தைத் திருப்பினார். இண்டைக்கு வழியிலை மனுசன் வேர்த்து விறுவிறுத்து நிக்குதெண்டு ஒரு போத்தில் தண்ணி குடுத்தன். அதையும் வேண்டாமாம்! நான் என்ன நஞ்சே குடுத்தனான்? ஊருலகத்திலை இப்படி ஒரு அவமானம் ஆருக்கு நடந்திருக்கு?"

கல்யாணி இழுத்து மூச்சுவிட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னார். நஞ்சையும் விடவில்லை.

"தண்ணீர் கூடவா?" என்று கமிஷனர் கேட்டார்.

"போத்திலைக் கையாலையும் தொடேல்லை!"

அரைமணி நேரம் கழித்து கமிஷனர் தீர்ப்பை வாசித்தார். நடந்தது பாரதூரமான தவறு, அதற்கு எழுத்தில் எச்சரிக்கை. இருபத்துமூன்று கடிதங்கள் விண்ணப்பதாரரைப் புகழ்கின்றன, ஆனால் அவை நிரூபிப்பதெல்லாம் அவர் சட்டத்தை மீறியதைத்தான். ஒரேயொருவர் அவரைப் பற்றி முறைப்பாடு செய்தார். சட்டம் இன்னதென்று தெரிந்தபின் இவர் அதை மீறமாட்டார் என்பதற்கு அந்த முறைப்பாட்டைவிட நல்ல ஆதாரம் தன்னிடம் இல்லை. விண்ணப்பதாரர் நற்பெயர் உடையவர். ஒரு வண்டிக்கு லைசென்ஸ் வழங்கப்படும்.

"கடைசிக்கு முந்தின வசனத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ பிள்ளை," என்று தேவராசா கல்யாணியைக் கேட்டார். சொன்னதும் எல்லாருக்கும் முன்னால் அழுதுவிட்டார்.

வெளியே வண்டியடியில் ஒரே ஆரவாரம். மாஸ்டர் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். பெர்னடெற் அக்கா மட்டும் ஏறாமல் ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். தேவராசா பின்னால் ஓடினார்.

"அக்கா, உங்களாலைதான் லைசென்ஸ் கிடைச்சது. வாங்கோ, ஏறுங்கோ."

பெர்னடெற் அக்கா நின்றார். கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய கேக் துண்டொன்றை எடுத்து நீட்டினார். "அப்ப இதைப் பிடியும்."

தேவராசாவின் கை தன்பாட்டில் நீண்டது. அதற்குள் வண்டி ஜன்னலிலிருந்து துஷ்யா கத்தினாள்: "அப்பா, நோ! லைசென்ஸ் பேப்பர் இன்னும் கைக்கு வரேல்லை!"

நீண்ட கையை அவர் மெல்ல இழுத்துக்கொண்டார். "ஒரு கிழமை பொறுங்கோ அக்கா. கடதாசி வரட்டும்."

அக்கா கேக்கைத் திரும்பப் பைக்குள் வைத்து, பையைப் பூட்டி, ஸ்டேஷனுக்குள் இறங்கிப் போனார். அரசாங்கம் நல்லவர் என்று எழுதிக்கொடுத்த மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.