ஆற்றி அளந்த பியர்

என் மனைவி பற்றிமா ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் ட்ராம் ஓட்டுகிறாள். ஒரு நிமிடம் பிந்தினாலும் அவள் முகம் சுருங்கிவிடும். அப்படிப்பட்டவள் வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கினால் குசினி என்னாகும்? முதலில் தராசு வந்தது, பிறகு தெர்மோமீற்றர், கடைசியாக ஸ்பின்டல். அது அடியில் கனம் வைத்த மெல்லிய கண்ணாடிக் குழல். சீனி கூடிய பியரில் உயர மிதந்து கூடிய எண் காட்டும். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்னக் கீழே இறங்கும். நான் யோசப், அவளுடைய புருஷன். எனக்குக் குடிக்க மட்டும்தான் தெரியும்.

எங்கள் மகள் எவ்லினின் கலியாணத்துக்குத் தானே பியர் காய்ச்சப்போவதாகப் பற்றிமா சொன்னதும் அவளுடைய அண்ணன் ஜேசுரட்ணம் சிரித்தார்.

"ஜெர்மன்காரனுக்கு நாங்கள் பியர் காய்ச்சிக் குடுக்கிறதோ? கடையில சொல்லி வைப்பம், பிள்ளை."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "மச்சான், கடைப் பியர் ஒரு போத்தலும் மண்டபத்துக்குள்ள வராது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். காய்ச்சப்போவது அவள், சவால் விட்டது நான்.

காய்ச்சிய அன்று, சுடச்சுட எடுத்த மாதிரியை இரண்டு பேணிகளில் தேத்தண்ணீர்போல ஆற்றி, ஸ்பின்டல் சரியாகக் காட்டும் இருபது பாகைச் சூட்டுக்கு வந்ததும் அளந்தாள். பன்னிரண்டு. அது மூன்றுக்கு இறங்கி அங்கேயே நின்றால்தான் போத்தலில் அடைக்கலாம். சீனி மிஞ்சியிருந்தால் போத்தல் வெடிக்கும். அடைக்கவென்று அவள் குறித்திருந்த சனிக்கிழமையைத் தவறவிட்டால் கலியாணத்துக்குள் நுரை பிடிக்காது.

வெள்ளிக்கிழமை ஸ்பின்டல் நாலு காட்டியது. சனிக்கிழமை காலை நாலரை.

"நாலோ நாலரையோ, அடையுமன். ஆர் பார்க்கப்போயினம்?" என்றேன்.

டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "சின்னப்பிள்ளையள் ஓடித்திரியிற மண்டபத்தில வெடிச்சால்? சரியாத் தெரியாமல் அடைக்க ஏலாது. எல்லாத்தையும் ஊத்திப்போடுவன்."

ஜேசுரட்ணத்தின் சிரிப்பு காதுக்குள் கேட்டது.

பியர் இருந்த அண்டாவைக் கவிழ்க்கக் கை வைத்தவள் அப்படியே நின்றாள். "இஞ்சாருங்கோ, ஈஸ்ட் திண்ட சீனி திரும்பி வருமோ? நேற்று நாலெண்டால் இண்டைக்கு எப்பிடி நாலரை?"

ஸ்பின்டலைக் கழுவி வெறும் தண்ணீரில் விட்டாள். சரியாகப் பூச்சியம் காட்டியது. கருவியில் பிழையில்லை. மறுபடி பியரில் விட்டு, குனிந்து கண்ணைப் பியர் மட்டத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். குழலைச் சுற்றி முத்துமுத்தாகக் குமிழிகள் ஒட்டியிருந்தன. அவைதான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தன.

"காய்ச்சின அண்டைக்கு ஆத்தினனான். நேற்றும் இண்டைக்கும் ஆத்தேல்லை" என்றாள்.

எப்படி ஆற்றுவாள்? எங்கள் ஆட்களுக்கு ஆற்றுவது சூட்டைத் தணிக்கத்தான். ஏற்கெனவே ஆறிக் கிடப்பதை யாராவது ஆற்றுவார்களா? ஆனால் இப்போது வெளியேற வேண்டியது சூடில்லை, பியருக்குள் இருந்த வாயு.

பேணிகளை எடுத்தாள். கையை உயர்த்தி உயர்த்தி ஆற்றினாள். நுரை பொங்கி அடங்கியது. திரும்பவும் ஆற்றினாள். குமிழி ஒன்றும் மிஞ்சாதபோது அளந்தாள். மூன்று. வெள்ளிக்கிழமை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்த மாதிரி, நல்லவேளை நான் குடிக்காமல் விட்டது, அதையும் இருபது பாகைக்குக் கொண்டுவந்து ஆற்றி அளந்தாள். அதுவும் மூன்று. நேற்றே ஈஸ்ட் வேலையை முடித்திருந்தது.

அவசரத்துக்கு அடைத்திருக்கலாம், பயத்தில் ஊற்றியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் நின்று யோசித்தாளே! இவள் என் மனைவி என்று தெருவில் இறங்கிக் கத்தவேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாகப் போத்தல் கழுவினேன்.

கலியாணத்தன்று ஜேசுரட்ணம் முதல் கிளாசை அடிவரை குடித்தார். இரண்டாவதுக்கு வெறும் கிளாசோடு தானே எழும்பி வந்தார்.

"பிள்ளை, உண்மையச் சொல்லு. எப்பிடிச் செய்தனி?"

"ஆத்தி அளந்தனான், அண்ணை."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளாசை மட்டும் நீட்டினார். ஊற்றியவன் நான். அன்று கடைப் பியர் ஒரு போத்தலும் அந்த மண்டபத்துக்குள் வரவில்லை.