ஊரை மிஞ்சிய கூட்டம்

ஆவாரஞ்செடியை வெட்டிப்போட்டு இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் ஒரு கசந்த வாசனை வரும். அதன்மேல் ஓர் ஊர் அளவு ஆம்பிளைகள் ஒன்றுக்கு இருந்துவிட்டுப் போனால் வரும் வாடையை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அங்கேயிருந்துதான் தொடங்கவேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பந்தாட்டம் என்று யாராவது பெருமையாகப் பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

பர்கூருக்கு உள்ளே தள்ளி, பாறைகளுக்கு நடுவில் இருந்த வேதக்கார ஊர் எங்களுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள் முடியப்போகிற சமயம். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அப்பா இறந்து சில வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் நானும், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பிலோமினா அக்காவும்தான். ஏரிக்கரைக்குக் கீழே ஒரு சமதரை, அதுதான் ஆட்ட மைதானம். அதைத் தாண்டி ஆள் உயரத்துக்கு ஆவாரம்புதர் அடர்ந்து கிடந்தது; அதற்குக் "கீழ்க்காடு" என்று பெயர். எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆம்பிளைகளுக்கு எந்தப் பாறை மறைவும் போதும், பொம்பிளைகளுக்குக் கீழ்க்காடு ஒன்றுதான். "கீழே போய்ட்டு வரேன்" என்று ஒருத்தி சொல்லிவிட்டுச் சொம்பைத் தூக்கினால் அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், எதிரே வருகிற ஆம்பிளை தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவான். அது ஒரு மரியாதை.

அறுப்பு முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சில் பூசை முடிந்தபிறகு ஆட்டம். எங்கள் கிளப்புக்குச் செகரட்டரி, அப்பாவின் தம்பி சூசை சித்தப்பா. அத்திப்பள்ளிக்கு அந்தப்பக்கமிருந்தெல்லாம் லாரியில் ஆட்டக்காரர்கள் வருவார்கள், அவர்களோடு அவர்கள் ஊர்ச் சனமும் வரும், கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் கத்துகிற கத்தலில் ஏரியில் கொக்கு தங்காது. மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்க் கிளப்காரர்கள், தங்கள் ஆட்டத்துக்கு ஊர்ச் சனம் எவ்வளவோ அவ்வளவு கூட்டம் வந்தது என்று எங்கேயோ சந்தையில் பீற்றிக்கொண்டார்களாம். அன்றையிலிருந்து சித்தப்பாவுக்கு ஆட்டத்தின் மேல் இருந்த கண் கூட்டத்தின் மேல் போய்விட்டது. மைக் செட்டைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் அதையே சொல்வார்:

"நம்ம ஊரு இருநூறு தலைக்கட்டு! இன்னிக்கு வந்திருக்கிற சனம் ஆயிரம்! ஊரைப் போல அஞ்சு பங்கு கூட்டம், அஞ்சு பங்கு!"

தலைக்கட்டு என்றால் திருவிழா வரி கட்டுவதற்காக ஊரில் வைத்திருந்த கணக்கு. கல்யாணமான ஆம்பிளை ஒருவன் இருந்தால் ஒரு தலைக்கட்டு. அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், பெற்றவள் எல்லாம் அவன் தலைக்குள்ளே அடக்கம். தாலியறுத்தவள் வீடு "அரைத் தலைக்கட்டு." எங்கள் வீடு அரை. ஆக ஊரை எண்ணும்போது தலைதட்டி அளந்த சித்தப்பா, கூட்டத்தை எண்ணும்போது மட்டும் கோபுரமாகக் குவித்து அளந்தார். மரத்தின் மேல் உட்கார்ந்த பொடியன், வேர்க்கடலை விற்கிறவன், லாரி டிரைவர், தோளில் தூங்குகிற கைக்குழந்தை எல்லாம் ஒவ்வொரு தலை. இது தப்புக் கணக்கு என்று எனக்கே தெரிந்தது, நான் படித்தது ஐந்து. ஊரில் ஒரு ஆம்பிளைக்கும் அது தோன்றவில்லை.

சோறு ஊற்றிக்கொண்டே அக்கா சொல்வாள்: "அம்மா, நீ அரை. நான் இன்னொரு ஊருத் தலைக்குள்ள. வயித்துல இருக்கிறது எந்தக் கணக்குலயும் இல்ல. ஆனா லாரியில வந்த கைக்குழந்தை முழுசு!" அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாயை மூடு, உங்க சித்தப்பன் காதுல விழுந்தா மைக்கைத் தூக்கிட்டு வூட்டுக்கே வந்துடுவான்" என்பாள்.

இப்படிக் கூட்டம் பெருகப்பெருக நிற்க இடம் பத்தவில்லை. ஒரு சனிக்கிழமை கிளப்பு ஆட்கள் அரிவாளோடு இறங்கி, கீழ்க்காட்டில் முக்கால்வாசியை மொட்டையடித்துவிட்டார்கள். மூலையில் ஏதோ கொஞ்சம் புதர் மிஞ்சியது, அதற்கும் மைதானத்தைக் குறுக்கே கடந்துதான் போகவேண்டும். வெட்டிய செடி அங்கேயே கிடந்தது, மறுநாள் வந்த கூட்டம் அதன்மேலேயே காலைத் தூக்கியது. பீடித்துண்டும் எச்சிலும் கடலைத்தோலும் சேர்ந்து சகதியாகி, திங்கட்கிழமை விடியலில் நாங்கள் வெறுங்காலோடு குதிகாலை ஊன்றி ஊன்றி அதில் இறங்கினோம். "ஊரைப் போல அஞ்சு பங்கு" என்று அக்கா என் காதில் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். நிறைமாதக்காரிக்கு மணிக்கொருதரம் போகவேண்டியிருக்கும், எழுதாவிட்டாலும் தெரிந்ததுதான். ஆட்ட நாளில் உச்சி வெயிலிலிருந்து இருட்டுகிறவரை அடக்கினாள். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதை விட்டாள். கால் வீங்கியது, அடிவயிறு எரிந்தது, புதன்கிழமை காய்ச்சல் கண்டது. வந்து பார்த்த மருத்துவச்சி, "இன்னொருதரம் இப்படி அடக்கினா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா அதிகம் பேசாதவள். அன்றைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றாள், பின்னால் நான். "ஏம்பா சூசை, அந்த மூலையாவது எங்களுக்கு வுடு. அங்க ஆளு நிக்காம ஒரு கயிறு கட்டு" என்றாள்.

"பைனல் வருது அண்ணி. பெங்களூர்ப் பக்கத்து டீம். ரெண்டாயிரம் சனம் வரும். ஒரு நாளு பொறுத்துக்க மாட்டீங்களா? ஊருக்குப் பேரு வர்றது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்றார் சித்தப்பா. அவர் கெட்ட மனுஷன் இல்லை, அப்பா இறந்தபோது எங்கள் வயலை உழுதுகொடுத்தவர். அதனால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. இரண்டாயிரம் பேர் எங்கே நிற்பார்கள், எங்கே உட்காருவார்கள் என்று இரவும் பகலும் யோசித்தவருக்கு, பக்கத்து வீட்டில் இருக்கிற மூன்று பேர் எங்கே போவார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

பைனல் அன்று கூட்டம் அவர் சொன்னபடியே வந்தது. மைக் அலறிக்கொண்டிருந்தது. வீட்டில் அக்கா சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். திடீரென்று எழுந்து, "என்னால ஆகாதும்மா, யாரு பார்த்தா பார்க்கட்டும்" என்றாள். அம்மா சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு முன்னால் நடந்தாள். நானும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டேன். தெருவில் எதிர்வீட்டுக்காரி எங்களைப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை, உள்ளே போய் அவளும் சொம்போடு வந்தாள். அடுத்த வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, எல்லோருக்கும் அதே உச்சிவெயில், அதே அடிவயிறு. ஏரிக்கரை இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன், ஊரில் இருந்த பொம்பிளைகள் அத்தனைபேரும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு சொம்பு.

மிஞ்சிய புதருக்குப் போக மைதானத்தைத் தவிர வழி இல்லை. கூட்டம் விலகியது, நாங்கள் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தோம். பந்தை ஒருவன் காலால் நிறுத்திக்கொண்டு விழித்தான். "ஏனிது, ஏனிது?" என்று கன்னடத்தில் யாரோ கேட்டான். நான் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மைக்கை அணைக்க மறந்து, கையில் பிடித்தபடியே சித்தப்பா ஓடிவந்தார். "அண்ணி, இன்னா இது, ஆட்டம் நடக்குதில்ல?"

அம்மா நின்றாள். "ஊரைப் போல அஞ்சு பங்கு, அஞ்சு பங்குன்னு வாராவாரம் சொன்னியே சூசை. அந்த ஊரு வந்துட்டோம், எண்ணிக்கோ."

"அரைத் தலைக்கட்டு எங்க போறதுன்னு அந்த மைக்குலயே சொல்லிடு சித்தப்பா" என்றாள் அக்கா. ஒலிபெருக்கிக் குழாய் அதை ஏரிக்கு அந்தப்பக்கம்வரை கொண்டுபோனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறாதது. கூட்டம் கலைந்தது, வெட்கப்பட்டு அல்ல. "கருமம், கருமம்" என்று துப்பிக்கொண்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அங்கே நாறியது அவர்கள் பெய்தது. எங்கள் சொம்பில் இருந்ததோ நல்ல கிணற்றுத் தண்ணீர். மூக்கைப் பொத்தியது எங்களைப் பார்த்து. பைனல் நடுவிலேயே நின்றுபோனது. அடுத்த வாரம் கிளப்புக்காரர்கள் அந்த மூலையைச் சுற்றிச் சோளத்தட்டையால் ஒரு வேலி கட்டினார்கள். அக்காவுக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. ஊரில் ஆம்பிளைகள் எங்களுக்குச் "சொம்புக் கூட்டம்" என்று பெயர் வைத்தார்கள், என் கல்யாணத்தன்றுகூட எவனோ அதைச் சொல்லிச் சிரித்தான்.

இப்போது மைதானம் இல்லை, கீழ்க்காடும் இல்லை. கல் அறுக்கிற பட்டறையின் சுற்றுச்சுவர் நிற்கிறது, அறுத்த கல்லின் சேறு வெள்ளையாக ஏரிக்குள் வழிகிறது. வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்துவிட்டது. கீழ்க்காடு போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். போன மாதம் அக்கா மகளோடு ஊருக்குப் போனபோது கிளப்பின் பழம்பெருமை என்று முச்சந்தியில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். மங்கலான பழைய போட்டோ, தலைதலையாக ஆம்பிளைகள், கீழே "ஊர் மக்கள்தொகையை மிஞ்சிய கூட்டம்" என்று பெரிய எழுத்து. அவள் அதை வாசித்துவிட்டு, "அவ்வளவு பேரா சித்தி வந்தாங்க? ஊரே வந்துச்சா?" என்று கேட்டாள்.

ஊர் வந்தது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.