ஏற்காட்டில் சுவர் காயும் விதம்

புதுச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவனுக்கு முக்கால்வாசி வேலை, சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது. மீதி, ஏன் சும்மா நிற்கிறேன் என்று வீட்டுக்காரருக்கு விளக்குவது. வீடு கட்டி நொந்த உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏற்காட்டில் விளக்கம் இன்னும் நீளும். ஐப்பசியில் இங்கே மேகம் ஜன்னல் வழியாக வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

மஞ்சக்குட்டைப் பக்கம் அப்படி ஒரு வீடு. உரிமையாளர் செல்வராசு சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். சிமெண்ட் பூச்சு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் பத்தே நாள். கோயம்புத்தூரிலிருந்து வரப்போகும் கொழுந்தியா மூக்கைச் சுளிக்கக்கூடாது என்பது அவர் கவலை. எனக்கு அந்த மழைக்காலத்தில் இருந்த ஒரே வேலை அது. ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து என் பெயர் கெடும். மறுத்தால் வேலை போகும்.

பாலிதீன் சோதனை

உள்ளே ஈரம் இருப்பதைக் காட்ட, சுவரில் ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் காலை தாளின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். ஆவியாதலில் தொடங்கி அரைமணி நேரம் விளக்கினேன். செல்வராசு பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காத்தாட இருந்த செவுருங்க பெயிண்டரே. தாளச் சுத்தி நீங்கதான் வேர்க்க வெச்சுட்டீங்க."

உப்பு

அடுத்த வாரம் சுவரெங்கும் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. இதைத் துடைத்து, மறுபடி பூக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் பிரைமர் என்றேன். சிமெண்டின் வேதியியலையும் விட்டுவைக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "பாதி வெள்ளை அதுவா வந்துருச்சுங்களே. மீதிய மட்டும் நீங்க அடிச்சா ஆகாதுங்களா?"

நடுவர்

வழக்கு முற்றியதால் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரை அழைத்துவந்தார் செல்வராசு. களத்தில் காயும் காப்பிக்கொட்டையைக் கடித்துப் பார்த்தே பதம் சொல்பவர் அவர். கதவுக்குப் பின்னால் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, நான் தடுப்பதற்குள் வாயில் போட்டுக் கடித்தார். கண்ணை மூடி யோசித்தார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார்: "இன்னும் பதினஞ்சு நாள் காயோணுங்க. மணல் நொம்பப் பெருசு, இன்னொருக்கா சலிச்சிருக்கலாம்."

கொழுந்தியா

என் அரைமணி நேர விளக்கத்துக்கு அசையாத செல்வராசு அந்த ஒரு கடிக்குப் பணிந்தார். சுவர்களை உப்புத்தாளால் தேய்த்து, தூசி தட்டி, இப்போதைக்குச் சிமெண்டின் சாம்பல் நிறத்திலேயே விட்டேன். கிரகப்பிரவேசத்தன்று கொழுந்தியா ஒவ்வோர் அறையாக நுழைந்து சுவரைத் தடவிக்கொண்டே போனார். செல்வராசு பின்னாலேயே மூச்சுவிடாமல் போனார். நான் ஏணிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கடைசி அறையில் அந்த அம்மா திரும்பினார். "ஏனுங் மாமா, ரிசார்ட்டுல அடிக்கற அதே கலருங்களா இது? எங்க ஊட்டுக்கும் இதையே அடிக்கோணும், நம்பரச் சொல்லுங்க."

செல்வராசு ஓர் அங்குலம் வளர்ந்தார். என்னைத் தனியாக அழைத்து, கையில் வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னார்: "நாளைக்கு ஏணிய எடுத்துக்கங்க பெயிண்டரே. இந்தச் செவுத்துல இனி ஒருத்தனும் பிரஷ்ஷு வெக்கப்படாது."

ஒரு சொட்டுப் பெயிண்ட் செலவாகாமல், வீட்டுக்காரரும் உறவினரும் முழுத் திருப்தி அடைந்த வேலை என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.