திட்ட ஆளில்லாத வெறுந்தலை

சிபுயிலே அன்று தொப்பி போடாமல் சந்தைக்குப் போனாள். மறதியெல்லாம் இல்லை, வேண்டுமென்றேதான்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். புகுந்த வீட்டுக்கு மரியாதையாகப் போடும் அந்த அகன்ற சிவப்புத் தொப்பி இல்லாமல் அவள் தலையை ஊர் பார்த்ததே கிடையாது. புருஷன் ஜோஹன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போய்ச் சவப்பெட்டியில் திரும்பினான். பிள்ளை இல்லை. மிஞ்சியவள் மாமியார். தொப்பி ஒரு விரல் சரிந்தாலும், "இந்த வீட்டுக்கு மானம் இருக்கா இல்லையா?" என்று தெருவே கேட்கக் கத்துவாள். போன குளிர்காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். பீடை விட்டது என்றுதான் சிபுயிலே முதலில் நினைத்தாள். இப்போது அந்த ஏச்சைக் கேட்காமல் சோளக் களி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

துகேலா ஆற்றங்கரைச் சந்தையில் பாசிமணி மாலைகளை விரித்துத் தொப்பிகளை அடுக்கினாள். பக்கத்துக் கடை மாபெலே நிமிர்ந்து பார்த்தாள். அங்கே கல்யாணமான பெண்களைப் பிறந்த குலத்தின் பெயரால்தான் கூப்பிடுவார்கள்; சிபுயிலே அவளுக்கு மாஸோண்டி.

"என்ன மாஸோண்டி, தலைக்கு லீவு விட்டுட்டியா?"

"ஆமா. யாரு கேக்கப் போறா?"

"அதுவும் சரிதான். உன் தலை, உன் பாடு."

அவ்வளவுதான். மாபெலே மறுபடி மணி கோக்கக் குனிந்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்று நம்பி வந்த சிபுயிலேவுக்கு நெஞ்சு வெறிச்சென்று ஆனது.

மதியம் ஒருத்தி கல்யாணப் பெண்ணைக் கூட்டிவந்தாள். தொப்பியைத் திருப்பித் தையலைப் பார்த்தாள், பெண்ணின் தலையில் வைத்தும் பார்த்தாள்.

"நல்லாத் தச்சிருக்கே. உன் தலையில மட்டும் ஒண்ணையும் காணோமே! நீ யார் வீட்டு மருமக?"

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இப்படி யார் கேட்டாலும் மாமியார்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். சிபுயிலே திரும்பிப் பார்த்தாள். மாபெலே வேறு யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"சும்மா கேட்டேன், விடு," என்று அந்தப் பெண்மணி தொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் நேரே மாட்டுப்பட்டியின் வாசலுக்கு நடந்தாள். மாடுகள் எப்போதோ போய்விட்டன. அதன் ஓரத்தில்தான் மாமனார் உட்பட அந்த வீட்டு ஆண்களைப் புதைத்திருந்தார்கள். வெறுந்தலையோடு மருமகள் நெருங்கக் கூடாத இடம்.

"வேலாப்பி!" என்று மாமனாரைப் பெயர் சொல்லிக் கத்தினாள். "கேக்குதா? உங்க மருமகதான் பேரு சொல்லிக் கூப்பிடுறேன். தலையில தொப்பியும் இல்ல."

அண்டை வீட்டு ஆடு ஒன்று தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போயிற்று.

"யாராவது திட்டுங்களேன்," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருட்டும்வரை அங்கேயே நின்றாள். யாரும் திட்டவில்லை.