ஆரணியை விட்டு நகராத பெட்டி

ஜவ்வாது மலைக்கு எல்லாரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் எண்பதுகளின் நடுவில் ஒரு பெட்டியை மலையேற்றப் போனேன். சின்ன தனியார் விமானங்களுக்கான டிரான்ஸ்பாண்டர் அது. கீழேயிருந்து ரேடார் கேட்டால், விமானம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று தானாகவே பதில் சொல்லும். அதை டிபன் பாக்ஸ் அளவுக்குச் சுருக்கியிருந்தோம். அடுத்த வாரம் விமானத்தில் சோதனை; அதற்கு முன் மலையேற்றி ஓர் ஒத்திகை. தோற்றால் எங்கள் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். ஆரணியில் கல்லூரி நண்பன் தரணேந்திரன் வீட்டில் தங்கினேன். ஜைனக் குடும்பம். பட்டு ஊரில் இருந்துகொண்டு, புழு சாகிறதே என்று பட்டே கட்டாதவன் அவன். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்தது. பிறகு பெட்டியை ஓடவிட்டுக் காட்டினேன். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதை வைத்து உயரத்தைக் கணக்கிடும்; நூறு அடி மாறினால் அதன் விளக்குகளில் ஒன்று மாறும். அப்படியே ஓடவிட்டுத் தூங்கப் போனேன்.

காலை ஆறரைக்கு வாடகை அம்பாசிடர். தரணேந்திரனும் கூட வந்தான். போளூரில் டீ குடித்துவிட்டு மலை ஏறினோம். ஒரு விளக்குகூட மாறவில்லை.

டிரைவர் பாஷா திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், எனக்குக் காதே அடைச்சிடுச்சு. உங்க பொட்டி இன்னும் ஆரணியிலயே குந்திகினு கீது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தி ஒயர் ஒயராகப் பார்த்தேன். கடைசியில் பெட்டியைத் திருப்பினால், காற்று போகும் துளையில் மெழுகு!

"நான்தான்டா," என்றான் தரணேந்திரன். "வெளிச்சத்துக்குப் பூச்சி வந்துகினே இருந்துச்சு. உள்ள போனா செத்துடுமேன்னு மெழுகுவர்த்தியால அடைச்சேன்."

ஊக்கால் மெழுகைக் கிளறி எடுத்தேன். விளக்குகள் மடமடவென்று மாறின. "அடேங்கப்பா, ஜல்தியா ஏறிடுச்சே!" என்று பாஷா கைதட்டினார். பிழைத்தோமடா சாமி என்று சிரித்தேன்.

தரணேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. "பிளேன்ல இருக்கறப்ப ஒரு குளவி வந்து அந்த ஓட்டையில கூடு கட்டியிருந்தா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே பறக்கிறவரைத் தரையில் இருப்பதாகச் சொல்லியிருக்கும் என் பெட்டி. அதை நம்பி, அவர் பறக்கும் உயரத்துக்கே இன்னொரு விமானத்தை அனுப்பியிருப்பார்கள். வேலை போவதைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்ததும், வீட்டில் தண்ணீர் வடிகட்டும் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான். காற்று போகும், பூச்சி போகாது.

நீங்கள் போவதானால் போளூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள், ஆனால் அரை வயிறுதான், வளைவுகள் அதிகம். காது அடைக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று கீழே பாருங்கள்.

அடுத்த வாரச் சோதனையில் ரேடார் சொன்ன உயரமும் விமானத்து மீட்டரும் ஒத்துப்போயின. இறங்கி வந்த விமானி, பெட்டியின் முதுகில் கட்டியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்றார்.

"பூச்சி சாகக்கூடாதுன்னு கட்டினது சார்," என்றேன். "நீங்களும்தான்."