நேசண்ணை கோல் எடுத்துக் கேட்ட இடங்கள்

நேசண்ணை இல்லை. இன்று காலை சூப்பர்வைசர் எல்லோருக்கும் அனுப்பிய குறுஞ்செய்தியில்தான் எனக்குத் தெரியவந்தது… நேசன் இறந்துவிட்டார், வெள்ளிக்கிழமை அவருடைய ஷிப்டை யார் எடுப்பீர்கள் என்று.

இரண்டும் ஒரே வரியில்.

நேற்றுப் பின்னேரம் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் எழும்பவில்லையாம். மாரடைப்பு.

உங்களில் பலருக்கு அவரை ஆர்வி குரூப்பின் அட்மினாகத் தெரியும். ஆர்வி என்கிற, உள்ளேயே படுத்துச் சமைக்கிற வீட்டு வான் வைத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கு எங்கே நிறுத்தலாம், எங்கே தண்ணீர் நிரப்பலாம், எங்கே கழிவுத் தாங்கியைக் கொட்டலாம் என்று தமிழில் எழுதிப் போட்டவர். எனக்கு அவர் டவுன்டவுன் ஹோட்டல் கிச்சனில் பக்கத்து மேசையில் வெங்காயம் வெட்டுகிறவர்.

பதினைந்து நிமிட பிரேக். நாங்கள் சிகரெட் பற்றவைப்போம். அவர் பின்கதவடியில், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று ஆர்வி நிறுத்துகிற ஏதாவது ஒரு கேம்பிங் இடத்துக்குப் போனில் கோல் எடுப்பார்.

கிச்சனில் பொறுக்கிய பிரெஞ்சில் நாலு கேள்வி. ஓர் இடத்தில் எத்தனை பேர் நிற்கலாம்? மீன் பொரித்தால் பக்கத்து ஆட்கள் முறைப்பாடு செய்வார்களா? வழியில் உயரம் குறைந்த பாலம் இருக்கிறதா? கடைசியாக, உங்கள் பெயர் என்ன?

எங்கள் ஆட்கள் ஓர் இடத்தைப் பதிந்துவிட்டு மூன்று குடும்பமாகப் போய் இறங்குவார்கள். அதற்கு எந்த ஆப்பிலும் பதில் இல்லை.

அவருடைய பதிவுகளில் பெயரும் இருக்கும். "மார்ட்டீனோடு கதைத்தேன். பத்துப் பேர் வரை பரவாயில்லையாம். மீனை வெளியில் வைத்துப் பொரிக்கட்டாம்."

போன கோடையில் நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, நெட்டில் இருந்து நாற்பது இடங்களை அள்ளிப் பட்டியலாக்கி, அவரிடம் காட்டாமலே குரூப்பில் போட்டேன்.

மறுநாள் பிரேக்கில் கேட்டார். "உதில ஆரோட கதைச்சனி?"

ஒருவரோடும் இல்லை, எல்லாம் நெட்டில் இருக்கிறது என்றேன்.

"நெட்டில எழுதினவன் அங்க போய்ப் படுத்துப் பாத்தவனே?"

சிரித்தேன். அந்தக் கிழமையே ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, என் பட்டியலை நம்பி ஒரு கடைத்தொகுதியின் பார்க்கிங்கில் போய் நின்றது. இரவில் அங்கே நிற்கக் கூடாதென்று விடியற்காலையில் கதவைத் தட்டிக் கிளப்பிவிட்டார்கள்.

குரூப்பில் மன்னிப்புக் கேட்டவர் நேசண்ணை. என் பெயரே அதில் இல்லை. "நான் கோல் எடுத்துப் பார்த்திருக்க வேணும்" என்று மட்டும்.

இவ்வளவும் செய்த மனிதனின் சொந்த ஆர்வி, அஹுன்ட்சிக்கில் வீட்டுக்குப் பின்னால் நின்றது. அது போன ஆகத் தூரம் லாவல். பாலத்தைத் தாண்டினால் வருகிற லாவல்.

ஒவ்வொரு வருடமும் ஜூலையில் லீவு கேட்பார். ஹோட்டல் நிறைந்திருக்கிற நேரம், தரமாட்டோம் என்பார்கள். அடுத்தவன் விடுமுறைக்கு வெங்காயம் வெட்ட ஆள் வேண்டுமே…

இந்த வருடம் கிடைத்தது. மூன்று கிழமைக்கு முன் பின்கதவடியில் வைத்துச் சொன்னார். மனைவி சரோ அக்காவோடு, ஒரு நாள் ஓட்டத்தில் இருக்கிற காஸ்பே, ஐந்து நாள், மார்ட்டீனின் கேம்பிங்கில் கடலுக்கு முன்னால் இடம்.

"உவள் நம்பேல்லை. வான் லாவலைத் தாண்டினாப் பிறகுதான் பெட்டி அடுக்குவாளாம்."

இன்று வீட்டுக்குப் போனேன். சரோ அக்கா நேசண்ணையின் போனை என் கையில் தந்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது, குரூப்பில் கேள்விகள்.

"அண்ணை, சனிக்கிழமை காஸ்பே போறம். பிள்ளையள் நாலு. மார்ட்டீனின்ர இடத்தில குளிருக்குப் பூட்டின தண்ணியத் திறந்திட்டினமோ?"

என்ன எழுத? அவர் இறந்துவிட்டார் என்றா, தண்ணீரைப் பற்றியா?

பின்பக்கம் போய், அந்த ஆர்விக்குப் பக்கத்தில் நின்று, அவருடைய போனிலேயே கோல் எடுத்தேன். மார்ட்டீன்தான் எடுத்தார். தண்ணீர் திறந்தாயிற்று என்றார்.

நம்பரைப் பார்த்து என்னை நேசண்ணை என்று நினைத்திருக்க வேண்டும்… மீன் பற்றிக் கேட்கிற மொன்சியர்தானே, பிரெஞ்சு நன்றாகத் திருந்திவிட்டதே என்று சிரித்தார். ஜூலைக்கு உங்கள் இடம் தயார், பன்னிரண்டாம் நம்பர். மனைவியும் வருகிறார்தானே?

"வீ" என்றேன். ஆம் என்று.

என் பெயரில் குரூப்பில் பதில் போட்டேன். தண்ணீர் திறந்தாயிற்று, மார்ட்டீனோடு கதைத்தேன் என்று.

பன்னிரண்டாம் நம்பரை நான் இன்னும் ரத்து செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்டுக்கும் இன்னும் ஒருவரும் பதில் போடவில்லை.

போயிட்டு வாங்கோ, நேசண்ணை.