அருமைநாயகியின் அப்பமும் கனடா மிசினும்

வட்டுக்கோட்டை அருமைநாயகிக்கு வயது அறுபத்திரண்டு. பதவி எதுவும் வகித்தவரல்ல. வகித்தவர் கணவர் சிமியோன். சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு இருபத்தெட்டு வருடமாகச் செயலாளர். ஆண்டுக் கூட்டம் அவர்கள் வீட்டு விறாந்தையில்தான் நடக்கும். குடியின் கேடுகளைக் கேட்க இத்தனை பேர் ஏன் விடியவே வந்து குந்துகிறார்கள் என்று சங்கம் விசாரித்ததில்லை. அருமைநாயகியின் பாலப்பம்தான் காரணம் என்பது போதகர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

அந்த மா எப்படிப் பொங்குகிறது என்பதுதான் தெரியாது. கலியாணம் முடித்து வந்த நாள் தொட்டு அவர் மாவுக்குக் கள்ளுத்தான் விடுகிறார். குசினி அலுமாரியின் அடித்தட்டில், வினாகிரி என்று எழுதி ஒட்டிய போத்தலில் அது இருக்கும்.

இந்த வருடம் கூட்டத்துக்கு ஒரு கிழமை முந்தி, மகள் மதுஷா கனடாவிலிருந்து ஒரு மிசின் அனுப்பினாள். காஸ் கசிந்தால் அது கத்தும். கத்துவதோடு நில்லாமல் சிலிண்டரிலிருந்து வரும் குழாயையும் தானே பூட்டிவிடும். பிறகு ஆள் வந்து பொத்தானை அமத்தினால்தான் திறக்கும். காஸ் காற்றைவிடக் கனம், நிலத்தோடுதான் ஊரும். ஆகவே மிசினை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தினார்கள். போத்தலும் அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில்தான் குடியிருந்தது.

கூட்டத்துக்கு முதல்நாள் காலை, மா கரைக்க அருமைநாயகி குந்தியிருந்து போத்தலைத் திறந்தார். மிசின் கத்தியது; பால் காய்ந்துகொண்டிருந்த அடுப்பு அணைந்தது. பொத்தானை அமத்திவிட்டு மறுபடி திறந்தார். மறுபடியும் அணைந்தது. மூன்றாந்தரம் அவருக்கு விஷயம் பிடிபட்டது. அதற்குள் சிமியோன் வந்துவிட்டார். மகள் அனுப்பிய சாமான் பொய் சொல்லாது, காஸ் ஒழுக்கைக் கண்டுபிடிக்கும்வரை இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று அறிவித்து, மிசினைப் பொருத்திய ஜெரிசனைக் கூப்பிட்டார்.

ஜெரிசன் குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழியும் வரவில்லை. பிறகு அடித்தட்டுக்குள் தலையை விட்டார். வெளியே எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அருமைநாயகி அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லாவிட்டால் நாளைக்கு இருபத்தாறு பேருக்கு அப்பம் இல்லை. சொன்னால், வாசலில் நிற்கும் செயலாளருக்கு முப்பத்தைந்து வருடக் கதையையும் சொல்ல வேண்டும்.

“அன்ரி, உதுக்குக் காஸும் கள்ளும் ஒண்டுதான்,” என்றார் ஜெரிசன் மெதுவாக. “ஆவி பட்டாப் பூட்டும்.”

“தம்பி, உந்த மிசின் காஸ் பிடிக்கத்தானே வந்தது?” என்றார் சிமியோன் வாசலிலிருந்து.

“ஓம் அங்கிள்.”

“அப்ப மற்றச் சமாச்சாரங்களிலை அது தலையிடத் தேவையில்லை.”

மிசினைக் கழற்றுவது ஆபத்து, போத்தலை இடம் மாற்றினால் போதும் என்றார் ஜெரிசன். சிமியோன் போத்தலைத் துவாயால் சுற்றி முன்னறைக்குக் கொண்டுபோய், சங்கத்தின் இரும்பு அலுமாரியில், ஆண்டறிக்கைகளுக்குப் பின்னால் வைத்தார். மா கரைப்பதும் இனி முன்னறையில்தான் என்று தீர்மானமாயிற்று.

ஜெரிசன் போனபின் அருமைநாயகி கேட்டார்: “உங்களுக்கு எப்ப தொட்டுத் தெரியும்?”

“எங்கடை அம்மா அப்பச்சோடா போடுறவ. நீர் வந்த முதற் கிழமையே வித்தியாசம் தெரிஞ்சுது.”

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

“கேட்டா நிப்பாட்டியிருப்பீர்.”

இரும்பு அலுமாரிப் பூட்டுக்குத் திறப்புகள் இரண்டு. ஒன்று செயலாளரிடமும் மற்றது தலைவரிடமும் இருக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் தலைவர் ஐந்தாவது அப்பத்தில் இருந்தபோது, அவருடைய திறப்பு துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிச் சிமியோன் அதை வாங்கிக் குசினிக்குக் கொண்டுபோனார். அங்கத்தவரல்லாத ஒருவர் சங்கத்தின் திறப்பை இடுப்பில் செருகியிருப்பது இதுவே முதற்றடவை.